லாலி (1702–1766)

மூன்றாம் கர்நாடக யுத்தத்தின்போது இந்தியாவில் பிரெஞ்சுப் படைகளை நடத்திய பிரதம சேனாதிபதி. பிரெஞ்சுத் தளபதியெனப் பிரசித்தி பெற்ற இவர், அயர்லாந்தைத் துறந்து வந்தவரின் மைந்தராகப் பிரான்சில் பிறந்தவர்; 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் இவரை முறியடித்த ஆங்கிலப் படைத் தளபதி அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவரே என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

1758-இல் புதுச்சேரி வந்திறங்கிய லாலி, கூடலூரையடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை விரைவிற் கைப்பற்றினாராயினும், தஞ்சை முற்றுகை வெடிமருந்துப் பஞ்சத்தாலும், சென்னை முற்றுகை ஆங்கிலக் கப்பற்படையின் வரவாலும் கைவிடப்பட்டன.

மரக்காணத்துக்கு வடக்கே, உப்பங்கழி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஆலம்பரைக் கோட்டை, 1750-இல் தக்காண சுபேதார் முசாபர் ஜங்கால் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அளிக்கப்பெற்று, வந்தவாசித் தோல்வியின் விளைவாக 1760-இல் ஆங்கிலேயர் வசமாகித் தகர்க்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த அதன் மதில்கள் கழிக்கரையில் இன்றும் சிதைந்து நிற்கின்றன.

1761 ஜனவரியில் புதுச்சேரியை ஒப்படைத்து இங்கிலாந்தில் கைதியாயிருந்த லாலி, தம்மீது சாட்டப்பட்ட துரோகக் குற்றத்துக்கு விடையளிக்கத் தாமே வேண்டி விடுப்புப் பெற்றுப் பாரிசு சென்றார். அங்கே பாஸ்டில் சிறையே கிடைத்தது. மரண தண்டனை கேட்டதும் கவராயத்தால் தம்மைக் குத்திக்கொண்டார். 1766 மே 9-இல், பேசவொட்டாது வாயடைத்து அழைத்துச்சென்று சிரச்சேதம் செய்தனர். நீதிக்குப் பெருங்களங்கமான இத்தீர்ப்பை எதிர்த்து இவர் புதல்வரும் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரும் இடையறாது போராட, 1778-இல் அது ரத்தாயிற்று. மரணப் படுக்கையில் இருந்த வால்டேர் அச்செய்தியைக் கேட்ட சில நாட்களில் காலமானார்.