ஜோடிக்கு ஒரு பங்கு

மைக்கேல் ஜோர்டானுக்கு முதலில் நைக்கி என்றாலே ஆகாது. 1984-ல் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணி அவரை எடுத்தபோது வயது 21. கல்லூரியில் கான்வர்ஸ் போட்டு ஆடியவர், ஆசைப்பட்டதோ அடிடாஸ். நைக்கியை ஓட்டக்காரர்களின் ஷூ என்றுதான் அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள். நைக்கியின் தலைமையகம் இருக்கும் ஒரேகான் வரை போய்ப் பேசவே அவருக்கு மனமில்லை. பிடிவாதமாக விமானம் ஏற்றியவர் அம்மா டெலோரிஸ்.

ஆண்டுக்கு 5 லட்சம் டாலர், ஐந்து ஆண்டுக்கு. அது பெரிய தொகைதான். ஆனால் விஷயம் அதில் இல்லை. அவர் பெயரிலேயே தனி ஷூ, விற்பனையில் அவருக்கும் பங்கு! தொழில்முறை ஆட்டத்தில் இன்னும் கால் வைக்காத பையனுக்கு இப்படி ஓர் ஒப்பந்தம். பங்கைக் கேட்டு வாங்கியதும் அம்மாதான் என்று 2023-ல் வந்த 'ஏர்' படம் காட்டுகிறது. சினிமாவுக்கு அவ்வளவு உரிமை உண்டு.

ஏர் ஜோர்டான் என்று பெயர் வைத்தவர் அவருடைய ஏஜென்ட் டேவிட் ஃபால்க். வடிவம் பீட்டர் மூருடையது. ஜோர்டானின் கறுப்பு சிவப்பு ஷூ விதிக்கு ஒத்துவராது என்று 1985 பிப்ரவரியில் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. கடிதம் போட்டது. நைக்கி அந்தத் தடையையே விளம்பரமாக்கிவிட்டது. (மாட்டிக்கொண்டது அதற்கு முந்தைய 'ஏர் ஷிப்' என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். விளம்பரக்காரருக்கு அதைப் பற்றி என்ன கவலை?) ஏப்ரலில் ஏர் ஜோர்டான் 65 டாலருக்குக் கடைக்கு வந்தது. நான்கு ஆண்டில் 30 லட்சம் டாலருக்கு விற்றால் போதும் என்றிருந்தார்கள். முதல் ஆண்டிலேயே 12 கோடியைத் தாண்டியது.

ஜோர்டான் ஆறு முறை கோப்பை வென்றார், 2003-ல் ஓய்வு பெற்றார். ஆடிச் சம்பாதித்த மொத்தச் சம்பளம் சுமார் 9 கோடி டாலர். இன்று ஷூ ஒரே ஆண்டில் அதைவிட அதிகம் கொடுக்கிறது.

 அந்த ஷூ உலகத்திலிருந்து தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் ஒரு சேதி வந்தது. நைக்கி போன்ற நிறுவனங்களுக்கு ஷூ செய்துகொடுக்கும் தைவானின் பௌ சென், 2,302 கோடி ரூபாயில் இங்கே தொழிற்சாலை கட்ட 2023 ஏப்ரலில் அரசோடு ஒப்பந்தம் போட்டது. 12 ஆண்டில் 20,000 பேருக்கு வேலை என்பது கணக்கு. இடம் உளுந்தூர்ப்பேட்டை சிப்காட். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையின் செய்யாறில் நைக்கி ஷூ ஏற்கெனவே தயாராகிறது. தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஜோடிக்கு இவ்வளவு என்ற பேச்சு அங்கே கிடையாது. மாதச் சம்பளம், பி.எஃப்., கம்பெனி பஸ்.