மன்னர் கல்லூரி முதல் சட்டசபை வரை

1886-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்து, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அளித்த விசேஷ அனுமதியால், ஆண்களுக்கென்றே இருந்த மகாராஜா கல்லூரியில் பலருடைய ஆட்சேபங்களுக்கிடையே சேர்ந்து பயின்ற முத்துலட்சுமி அம்மையார், 1912-ல் சென்னையில் வைத்தியப் பட்டமும் பெற்றார். மன்னர் அன்று அஞ்சிப் பின்வாங்கியிருப்பின் தமிழகம் இழந்திருக்கக்கூடியது கொஞ்சமன்று.

1926-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, மறு வருஷமே அதன் உபதலைவராக ஏகமனதாகத் தெரிந்தெடுக்கப்பட்ட அவர், தெய்வத்தின் பெயரால் சிறுமியர்க்குப் பொட்டுக்கட்டித் தேவதாசியராக்கும் கொடிய வழக்கத்தை ஒழிக்கவேண்டுமென்று, சாஸ்திரத்தையும் சம்பிரதாயத்தையும் எடுத்துக்காட்டி எதிர்த்தோர்க்கு நடுவே நின்று, வைத்தியராகவும் தாயாகவும் தாம் கண்ட துயரங்களைச் சான்றாக்கி வாதிட்டார். காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930-ல் அப்பதவியையே துறந்தார். பொட்டுக்கட்டுதலை அறவே தடுக்கும் சட்டம் 1947-ல்தான் நிறைவேறிற்று.