இலச்சினை மாதிரியுரு

இலச்சினை மாதிரியுரு என்பது, லோகோ எனப்படும் இலச்சினை ஒன்று பெயர்ப்பலகை, பொதியுறை, வாகனம் முதலிய பொருட்களின் மீது எவ்வாறு தோன்றும் என்பதை முன்கூட்டியே காட்டும் படம் ஆகும். வடிவமைப்பாளர்கள் இதனைக் கொண்டு தம் ஆக்கத்தை வாடிக்கையாளருக்கு விளக்குவர்.

உருவாக்கம்

பொருளின் ஒளிப்படத்தின் மீது இலச்சினை பொருத்தப்படுகின்றது. அடோபி போட்டோஷாப் சிஎஸ்2 பதிப்பில் (2005) அறிமுகமான ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வசதி இதனை எளிதாக்கியது.

தெரிவு

மாதிரியுரு, நிறுவனம் உண்மையில் செய்யவிருக்கும் பலகையை ஒத்திருத்தல் வேண்டும். பளிங்குச் சுவரில் பொன்னிறப் புடைப்பெழுத்தாகக் காட்டினால் எந்த இலச்சினையும் அழகாகத் தோன்றும். அவ்வழகு ஒளிப்படத்துக்கு உரியதேயன்றி இலச்சினைக்கு உரியதன்று. தெரிவின்போது கருதத்தக்கவை:

* செய்பொருள்: நியான் கண்ணாடிக் குழாயை மிகக் கூரிய கோணத்தில் வளைப்பது கடினம். ஒளிரும் பெட்டியெழுத்துக்களின் மெல்லிய கோடுகளுக்குள் எல்இடி விளக்குகள் அடங்கா.
* தொலைவு: 10 அடித் தொலைவுக்கு 1 அங்குல எழுத்துயரம் என்பது பலகைத் தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. இதன்படி 100 அடித் தொலைவிலிருந்து எளிதாகப் படிக்க 10 அங்குல எழுத்து தேவை.
* ஒளி: இரவில் ஒளிரும் எழுத்துக்களின் ஓரங்கள் பரவித் தெரிவதால், நெருக்கமான எழுத்துக்கள் ஒன்றோடொன்று கலந்து தோன்றக்கூடும். ஆகவே பகல் தோற்றம், இரவுத் தோற்றம் ஆகிய இரண்டையும் காட்டுதல் நன்று.

விளக்கத்தின் தேவை

மாதிரியுரு காரண விளக்கத்துக்கு ஈடாகாது. அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு ஒரேயோர் இலச்சினையை மட்டுமே அளித்தார். அவ்வடிவத்தை அடைந்த வழியைப் படிப்படியாக விளக்கும் கையேடு ஒன்றையும் உடன் வழங்கினார்.

இவற்றையும் பார்க்க

* வணிகச் சின்னம்
* எழுத்துரு
* வரைகலை வடிவமைப்பு