கட்டத்துக்குள் யார்? தாளில் தொடங்கும் பாடல் காணொளியின் வரலாறு

ஒரு பாடல் காணொளி எடுக்க இன்று மாணவர்களுக்குப் பெரிய மூலதனம் தேவையில்லை. கைப்பேசி இருக்கிறது, பாட ஆள் இருக்கிறது, பறை இருக்கிறது. ஏப்ரல் 14 நெருங்கினால் கல்லூரி விடுதிகளில் எழுதி, மெட்டமைத்து, படம்பிடித்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பெரும்பாலானோர் நேராகப் படப்பிடிப்புக்குப் போய்விடுகிறார்கள். காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து பார்க்கும் ஸ்டோரிபோர்டு வேலையைப் பணக்காரக் கம்பெனிகளின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. யார் நடுவில் நிற்பது, யார் ஓரத்தில் நிற்பது, யார் படத்திலேயே இல்லாமல் போவது என்பதெல்லாம் கேமரா ஓடும்போது முடிவாவதில்லை. அதற்கு முன்பே தாளில் முடிவாகிவிடுகிறது. அந்தத் தாள் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஸ்டோரிபோர்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது 1930களின் தொடக்கத்தில், வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோவில். காட்சிகளைத் தனித்தனித் தாள்களில் வரைந்து, பலகையில் குண்டூசியால் குத்தி வரிசைப்படுத்தினார்கள். பிடிக்காத தாளைப் பிடுங்கலாம், இடம் மாற்றலாம். அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் முழுக் கதையையும் பார்க்கலாம். 1939இல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' படத்துக்காக வில்லியம் கேமரூன் மென்ஸீஸ் காட்சிகளை முன்கூட்டியே விரிவாக வரைந்து கொடுத்தார். திட்டமிடலுக்கு இன்றும் மெச்சப்படும் படம் அது.

அந்தக் கட்டங்களுக்குள் கறுப்பின மக்கள் எங்கே நின்றார்கள்? எஜமானர்களை நேசிக்கும் வேலைக்காரர்களாக நின்றார்கள். அட்லாண்டாவில் நடந்த முதல் திரையிடலுக்கு அதில் நடித்த ஹாட்டி மெக்டேனியல் போக முடியவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் நிறப் பாகுபாடு தடுத்தது. அதே நடிப்புக்காக 1940இல் ஆஸ்கர் பெற்றார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அந்த விழாவிலும் அவருக்குத் தனி மேசைதான். விருந்தில் தனி இலை போடும் ஊரைச் சேர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திட்டம் கச்சிதமாக இருந்தால் மட்டும் நீதி வந்துவிடாது என்பதற்கு இந்த ஒரு படம் போதும்.

இதே கருவி ஏழையின் கையில் என்ன செய்யும் என்பதைச் சத்யஜித் ராய் காட்டினார். 1955இல் வெளியான 'பதேர் பாஞ்சாலி'க்கு முழுமையான திரைக்கதைப் புத்தகம் கிடையாது. ஒரு நோட்டு நிறைய ராய் வரைந்த படங்களும் குறிப்புகளும்தான் இருந்தன. அந்த நோட்டைக் காட்டித்தான் தயாரிப்பாளர்களிடம் பணம் கேட்டு அலைந்தார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது இருபத்தொரு வயது. அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதில்லை. பணம் தீர்ந்து படப்பிடிப்பு பலமுறை நின்றது. நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்குவதற்கு வரைந்து வைத்த நோட்டு கைகொடுத்தது. பணம் உள்ளவன் பத்துமுறை எடுத்துப் பார்ப்பான். இல்லாதவன் பத்துமுறை வரைந்து பார்த்துவிட்டு ஒருமுறை எடுக்க வேண்டும்.

கட்டத்துக்குள் இடம் கிடைத்தாலும் முகம் தெரியுமா என்பது அடுத்த சண்டை. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவருடைய தோல் சரியாகத் தெரிந்தால் படம் சரி என்பதுதான் பல ஆண்டுகள் அளவுகோலாக இருந்தது. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கும் பள்ளிப் புகைப்படங்களில் கறுத்த முகங்களில் பல்லும் கண்ணும் மட்டுமே தெரிந்தன. கறுப்பினத் தாய்மார்களின் குறை எடுபடவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகுதான் மாற்றம் வந்தது. இன்றைய கைப்பேசியில் தானாகவே தோலை வெளுக்க வைக்கும் 'பியூட்டி' வசதியும் அந்த அட்டையின் பேரப்பிள்ளைதான்.

பாடல் காணொளிக்கென்றே ஒரு தொலைக்காட்சி அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கியது: எம்டிவி. தொடக்க ஆண்டுகளில் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை அங்கே தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. 'நாங்கள் ராக் இசைச் சேனல்' என்பது அவர்கள் சொன்ன காரணம். 1983இல் டேவிட் போவி, அந்தச் சேனலுக்குக் கொடுத்த பேட்டியிலேயே, கறுப்பினத்தவரை ஏன் இவ்வளவு குறைவாகக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். அதே ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' அந்தக் கதவை உடைத்தது. 1989இல் பப்ளிக் எனிமி குழுவின் 'ஃபைட் த பவர்' பாடலை ஸ்பைக் லீ புரூக்ளின் தெருவில் ஓர் ஊர்வலமாகவே படம்பிடித்தார். பெரும் கூட்டம், பதாகைகள், தலைவர்களின் படங்கள், நடுவில் பாடகர்கள். பின்னணியாக மட்டும் காட்டப்பட்டு வந்த தெரு அங்கே முன்னுக்கு வந்தது.

நம் ஊருக்கு வருவோம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சொல்லாட்சியிலிருந்து எடுத்த பெயர். கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில். அவர்கள் அணிந்திருந்தது கோட்டு சூட்டு. கானாக்காரன் என்றால் லுங்கி, கழுத்தில் கர்ச்சீப் என்று சினிமா வரைந்து வைத்திருந்த படத்தை அந்த உடை அழித்தது. அண்ணல் ஏன் கோட்டு அணிந்தார் என்பது தெரிந்தவர்களுக்கு அதன் பொருளும் தெரியும்.

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. அறிவின் வரிகளுக்குப் பின்னால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து நிலமற்றுத் திரும்பிய ஒரு தலைமுறையும் அவருடைய பாட்டி வள்ளியம்மாளும் இருக்கிறார்கள். உலகமே பாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகே அறிவின் படத்தோடு இன்னொரு அட்டை வந்தது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாடல் ஒலித்தபோது அவர் வெளிப்படையாக எழுதினார். உரிய இடத்திலெல்லாம் பெயர் கொடுத்தோம் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். யார் சொன்னது எவ்வளவு சரி என்று தீர்ப்பெழுத நான் இங்கே வரவில்லை. நிலமில்லாதவர்களின் பாட்டிலும் எல்லை அளக்க வேண்டி வந்ததே, அதுதான் எனக்கு வலி.

ஆகவே தம்பி தங்கைகளே, படம்பிடிக்கப் போகும் முன் தாளை எடுங்கள். நான்கு நிமிடப் பாடல் என்றால் 240 வினாடி. ஒரு காட்சிக்குச் சராசரி நான்கு வினாடி என்றாலும் அறுபது கட்டம் வேண்டும். குச்சி மனிதர்களாக வரைந்தால் போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே பாடல் வரி, வினாடி, இடம், வெளிச்சம், யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பறை வரும் கட்டத்தில், தோலைத் தீயில் காய்ச்சுவதற்கான நேரத்தையும் குறியுங்கள். சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் எந்தெந்தக் கையில் என்று கலைஞரைக் கேட்டு வரையுங்கள். கேமரா எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். கறுத்த முகத்துக்கு வெளிச்சத்தை மாற்றுங்கள், முகத்தை மாற்றாதீர்கள். நம் தெருவைக் காட்டும்போது அழுகையை மட்டும் காட்டாதீர்கள்; அங்கே படிப்பும் சிரிப்பும் காதலும் இருக்கின்றன. யார் வீட்டு வாசலில் எடுக்கிறீர்களோ, அவர்களிடம் கட்டத்தைக் காட்டிச் சம்மதம் கேளுங்கள்.

வரைந்த தாள்களைச் சுவரில் ஒட்டி எண்ணிப் பாருங்கள். அறுபதில் பெண்கள் எத்தனை கட்டத்தில் இருக்கிறார்கள்? அவர்கள் பாடுகிறார்களா, பார்க்கப்படுகிறார்களா? பறையடிப்பவருக்கு முகம் இருக்கிறதா, கை மட்டும்தானா?

கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அது பெயர்களுக்கானது. எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், அடித்தவர், ஆடியவர், சோறு போட்டவர் என எல்லோர் பெயரையும் படப்பிடிப்புக்கு முன்பே எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்திருக்கிறது. நிகழ்த்துக் கலைஞர் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கோரவும் இடம் தந்திருக்கிறது. பாட்டு ஓடிப் புகழ் வந்த பிறகு பெயர் கேட்பவனைப் பொறாமைக்காரன் என்பார்கள். அதனால் முதல் நாளே எழுதிவிடுங்கள்.