குரூக்கட் ஹவுஸ்

குரூக்கட் ஹவுஸ், இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஹிம்லி கிராமத்துக்கு அருகே இருந்த பப். ஒரு பக்கம் மண்ணில் இறங்கிச் சாய்ந்து நின்ற இதன் கட்டடம் பிரிட்டன் முழுவதும் பெயர் பெற்றிருந்தது. 2023 ஆகஸ்ட்டில் இது தீக்கிரையாகி, இரண்டே நாளில் தரைமட்டமாக்கப்பட்டது.

தோற்றம்

1765இல் பண்ணை வீடாகக் கட்டப்பட்ட இந்தக் கட்டடம் 1830 வாக்கில் பப் ஆனது. நிலவுடைமையாளர் சர் ஸ்டீபன் கிளின் பெயரையொட்டி 'கிளின் ஆர்ம்ஸ்' என்றும் அழைக்கப்பட்டது. நிலக்கரிக்கும் இரும்புத் தொழிலுக்கும் பெயர்போன 'பிளாக் கன்ட்ரி' வட்டாரத்தில் இது அமைந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பூமிக்கடியில் நிலக்கரி வெட்டியெடுத்ததால் நிலம் உள்வாங்கி, கட்டடத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சுமார் 1.2 மீட்டர் தாழ்ந்தது.

1940களில் ஆபத்தான கட்டடம் என்று இடிக்கத் தீர்மானித்திருந்தார்கள். வுல்வர்ஹாம்ப்டன் அண்ட் டட்லி மதுவடிப்பு நிறுவனம் அதை வாங்கி, முட்டுச்சுவர்களும் இரும்பு உத்தரங்களும் கொடுத்துக் காப்பாற்றியது. சாய்வை நிமிர்த்தாமல் அப்படியே நிறுத்தியதால்தான் இந்த இடத்தின் தனித்தன்மை நிலைத்தது.

உட்புறம்

கதவு நிலைகளும் ஜன்னல்களும் சுவரோடு சேர்ந்து சாய்ந்திருந்ததால், உள்ளே நிற்பவர் கண்ணுக்கு எது சமதளம் என்பது பிடிபடாது. மேசையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது மேட்டை நோக்கி ஏறுவதுபோலத் தெரியும். உண்மையில் அது பள்ளத்தை நோக்கித்தான் உருண்டது. இதைப் பார்க்கவே வெளியூர்களிலிருந்தும் மக்கள் வந்தார்கள்.

மூடலும் இடிப்பும்

உரிமையாளரான மார்ஸ்டன்ஸ் நிறுவனம் 2023 தொடக்கத்தில் பப்பை விற்பனைக்கு அறிவித்தது. ஜூலையில் அது கைமாறியபோது பப் ஏற்கனவே மூடப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 5 இரவு கட்டடம் தீப்பற்றி எரிந்தது. செல்லும் வழியில் மண் குவிக்கப்பட்டிருந்ததால் தீயணைப்பு வீரர்கள் அணுகச் சிரமப்பட்டனர். ஆகஸ்ட் 7 அன்று மிஞ்சிய சுவர்களும் இடிக்கப்பட்டன. மேல்தளத்தின் சில பகுதிகளை அகற்றவே தாங்கள் ஒப்புக்கொண்டதாகவும், முழுக் கட்டடத்தையும் இடிக்க அல்ல என்றும் தெற்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் உள்ளாட்சி மன்றம் தெரிவித்தது. தீவைப்பு என்ற கோணத்தில் காவல்துறை விசாரணையைத் தொடங்கியது.

பின்விளைவு

ஊர் மக்கள் இடிபாட்டருகே திரண்டு, செங்கற்களைப் பாதுகாக்கவும் கட்டடத்தை மீண்டும் எழுப்பவும் கோரினார்கள். வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மேயராக இருந்த ஆண்டி ஸ்ட்ரீட்டும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். தீக்கு முன்பிருந்த நிலைக்கே கட்டடத்தை மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பக் கட்ட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மன்றம் ஆணையிட்டது. உரிமையாளர்கள் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தனர்.

258 ஆண்டுகள் நின்ற இந்தக் கட்டடம், தேசியப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இடம்பெற்றிருக்கவில்லை. சேர்க்கக் கோரும் விண்ணப்பம் தீவிபத்துக்குச் சற்று முன்புதான் போய்ச் சேர்ந்திருந்தது. சட்டப் பாதுகாப்பு உரிய காலத்தில் கிடைத்திருந்தால், அனுமதியின்றி இடிப்பது குற்றமாகியிருக்கும். ஊர் போற்றும் கட்டடம் விற்பனைக்கு வரும் முன்பே அதைப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்பதே குரூக்கட் ஹவுஸ் தரும் பாடம்.