எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: அறிந்துகொள்வோம், அஞ்சாமல் செல்வோம்

மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததும் நம் வீடுகளில் சில கேள்விகள் எழுகின்றன. கதிர்வீச்சு உடம்பைக் கெடுத்துவிடுமா? குகை போன்ற அந்தக் குழாய்க்குள் எப்படிப் படுத்திருப்பது? பெண்களின் பர்தாவுக்கு என்ன வழி? நோன்பாளி என்ன செய்வது? விடை தெரியாததால் சிலர் ஸ்கேனையே தள்ளிப் போடுகிறார்கள். நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஆகவே இந்தக் கருவி என்ன, இதை உருவாக்கியவர்கள் யார், இதனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

கருவி செய்யும் வேலை

நம் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு சின்னஞ்சிறு காந்தம் போன்றது. நோயாளி படுத்திருக்கும் குழாயைச் சுற்றிப் பெரிய காந்தம் ஒன்று இருக்கிறது. பல மருத்துவமனைகளில் உள்ள 1.5 டெஸ்லா காந்தத்தின் வலிமை, பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அதன் பிடியில் அந்தச் சிறு காந்தங்கள் சீராக நிற்கின்றன. ரேடியோ அலை ஒன்றை அனுப்பி அவற்றைச் சற்றே அசைக்கிறார்கள். அலை நின்றதும் அவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும்போது மெல்லிய ரேடியோ சைகை ஒன்று வெளிவருகிறது. கொழுப்பு, தசை, மூளை, கட்டி என ஒவ்வொன்றிலும் அவை திரும்பும் வேகம் வேறு. இந்த வேறுபாட்டைத்தான் கணினி படமாக வரைகிறது.

ஆக, இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. இந்த முறைக்கு முதலில் இருந்த பெயரில் ‘அணுக்கரு’ என்ற சொல்லும் இருந்தது. அணுகுண்டை நினைத்து நோயாளிகள் பயந்ததால் மருத்துவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள். உள்ளே கேட்கும் ‘டக் டக்’ ஓசை, மின்சாரம் பாயும் கம்பிச்சுருள்கள் அதிர்வதால் வருவது. அதற்காகத்தான் காதில் பஞ்சோ ஹெட்போனோ தருகிறார்கள்.

இது எங்கே பிறந்தது?

இதன் தொடக்கம் மருத்துவமனையில் அல்ல, பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில். 1938இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இஸிடோர் ரபி, அணுக்கருக்களின் இந்தக் காந்தப் பண்பை அளந்தார். 1946இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக்கும், ஹார்வர்டில் எட்வர்ட் பர்செலும் திரவத்திலும் திடப்பொருளிலும் அதைக் கண்டார்கள். அப்போது நோயாளியைப் பற்றிய எண்ணமே அவர்களுக்கு இல்லை. அடுத்த கால் நூற்றாண்டு இது பெரும்பாலும் வேதியியலாளர்களின் கருவியாகவே இருந்தது.

1971இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் மருத்துவ மையத்தைச் சேர்ந்த ரேமண்ட் டமாடியன் ஒரு முக்கியச் செய்தியை வெளியிட்டார். எலியின் புற்றுக்கட்டியிலிருந்து வரும் சைகை, நல்ல திசுவின் சைகையிலிருந்து வேறுபடுகிறது என்பதே அது. ஆனால் சைகை உடலின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை எப்படி அறிவது?

அதே பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் இருந்த வேதியியல் பேராசிரியர் பால் லாட்டர்பர் அதற்கு வழி கண்டார். ஊரில் நான்கு பள்ளிவாசல்களிலிருந்தும் பாங்கு ஒலிக்கும்போது, குரலை வைத்தே இது எந்தப் பள்ளி என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதைப் போன்றதுதான் இது. காந்தப் புலத்தை ஒரு பக்கம் சற்று வலுவாகவும் மறுபக்கம் சற்று மெலிதாகவும் அமைத்தால், ஒவ்வோர் இடத்திலிருந்தும் வரும் சைகையின் சுருதி மாறும். சுருதியை வைத்து இடத்தைச் சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரையை ‘நேச்சர்’ இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. அவர் விடாமல் வாதிட்ட பிறகு 1973இல் வெளியிட்டது. அவருடைய பல்கலைக்கழகமோ காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக்கூட முன்வரவில்லை. செலவழித்த பணம் திரும்பாது என்று நினைத்தார்கள்!

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு, படத்தை மிக விரைவாக எடுக்கும் கணித முறையை வகுத்தார். 1978இல் முழு உடல் கருவி தயாரானபோது, ஆபத்து நேரலாம் என்ற எச்சரிக்கை இருந்தும் முதலில் தாமே உள்ளே நின்றார். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஜான் மல்லார்டின் குழு 1980 ஆகஸ்ட் 28 அன்று முதன்முறையாக ஒரு நோயாளிக்கு மருத்துவப் பயன் தரும் முழு உடல் ஸ்கேனை எடுத்தது. அவருடைய மார்பில் புற்று இருப்பதும், எலும்பில் அது பரவியிருப்பதும் தெரியவந்தன. அந்தக் குழு கண்ட படமெடுக்கும் முறை இன்றும் உலகெங்கும் ஸ்கேன் கருவிகளுக்கு அடிப்படையாக இருக்கிறது.

2003இல் லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. விடுபட்ட டமாடியன், பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்துத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

இந்தப் பெயர்களை நாம் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. ‘மகனை டாக்டராக்க வேண்டும்’ என்பது நம் வீடுகளின் பெரிய கனவு. நல்ல கனவுதான். ஆனால் டாக்டரின் கையில் இந்தப் படத்தைக் கொடுத்தவர்களில் லாட்டர்பர் வேதியியல்காரர். மேன்ஸ்ஃபீல்டும் மல்லார்டும் இயற்பியல்காரர்கள். மெடிக்கல் சீட் கிடைக்காமல் பி.எஸ்ஸி. இயற்பியலில் சேரும் பிள்ளையை நாம் தோற்றவனாகப் பார்க்கிறோம். அது சரியா?

மேன்ஸ்ஃபீல்டு 15 வயதில் பள்ளியை விட்டவர். புத்தகம் பைண்டிங் செய்தார். விஞ்ஞானம் உனக்கு ஒத்துவராது என்று அவரிடம் சொல்லப்பட்டது. பிறகு வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் படித்துப் பல்கலைக்கழகம் சென்றார். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கடைக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்ட நம் இளைஞர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. இப்னுல் ஹைதம் போன்ற முன்னோரின் பெயர்களைச் சொல்லிப் பெருமைப்படுவது மட்டும் போதாது. அவர்கள் செய்த வேலையை நம் பிள்ளைகள் தொடர வேண்டும்.

ஸ்கேனுக்குச் செல்லும் முன்

இந்தக் காந்தம் பொதுவாக இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அப்படித்தான். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளியின் உறவினரான இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் சென்றார். காந்தம் சிலிண்டரோடு அவரை இழுத்தது, அவர் உயிரிழந்தார். ஆகவே துணைக்குச் செல்பவரும் கவனமாக இருக்க வேண்டும்.

• ஹிஜாப் ஊசி, புர்கா கொக்கி, நகை, மோதிரம், கடிகாரம், சாவி, செல்போன், ஏ.டி.எம். அட்டை, காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள். தாயத்துக் கூடு பற்றிய மார்க்கச் சட்டம் தனிப் பேச்சு. இங்கே அது உலோகம், கழற்ற வேண்டும்.

• பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை இரத்தக் குழாயில் கிளிப், ஸ்டென்ட், எலும்பில் தகடு இருந்தால் முன்பே சொல்லுங்கள். வெல்டிங், லேத் வேலை பார்த்தவர்களின் கண்ணில் இரும்புத் துகள் இருக்கலாம். அதையும் மறைக்காதீர்கள்.

• கர்ப்பமாக இருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். சிறுநீரக நோயாளிக்குச் சாய ஊசி போடுவதில் தனிக் கவனம் தேவை.

• பெண்கள், பெண் ஊழியரை அமர்த்தித் தரும்படி கேட்கலாம். உலோகம் இல்லாத பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். பெண் ஊழியர் இல்லையென்றால் தேவையின் அளவுக்கு மார்க்கம் சலுகை தருகிறது. அதற்காகச் சிகிச்சையைக் கைவிட வேண்டாம்.

• சத்து ஊட்டாத ஊசியால் நோன்பு முறியாது என்பதே இக்கால மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் இவ்வாறே தீர்மானித்தது. வாய் வழியாக மருந்து குடித்தால் நோன்பு முறியும். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அனுமதியும் இருக்கிறது.

• மூடிய இடம் என்றால் பயப்படுபவர் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கையில் ஒரு பந்து தருவார்கள். அதை அழுத்தினால் உடனே வருவார்கள். அசையாமல் படுத்துத் திக்ரு செய்துகொண்டிருங்கள். அசைந்தால் படம் கலங்கும்.

எல்லா நோய்க்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. எலும்பு முறிவுக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரே போதும். விபத்தில் தலையில் அடிபட்டால் முதலில் சி.டி. ஸ்கேன்தான் விரைவானது. எது வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். செலவுக்குத் தயங்குபவர்கள், குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் எடுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம்.

ஷிஃபா தருபவன் அல்லாஹ் ஒருவனே. இந்தக் கருவியும் அவன் தந்த அறிவால் விளைந்ததுதான். நோயாளிகள் அனைவருக்கும் அவன் முழு ஆரோக்கியத்தையும், நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வானாக. ஆமீன்.