ஆங்கிலேய லஸ்டர் மட்கலங்கள்

கண்ணாடிப் பூச்சிட்டுச் சுட்டெடுத்த மட்கலத்தின் மீது ஓர் உலோகத்தை மிக மெல்லிய படலமாகப் படியவைத்து, மறுபடி சுட்டுப் பெறும் மினுக்கத்துக்கு லஸ்டர் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் இந்தத் தொழில் வேரூன்றி, சண்டர்லண்ட், நியூகாசில், லீட்ஸ், ஸ்வான்சி என்று பரவியது. தேநீர்க் கெண்டி, பால் ஜக், பீர்க் குவளை, சுவரில் மாட்டும் வாசகப் பலகை என அன்றாட வீட்டுச் சாமான்களாகவே இவை விற்றன. இவற்றைப் பற்றிச் சேகரிப்பாளர்களிடையே நெடுங்காலமாக ஒரு கதை உண்டு: வெள்ளிப் பாத்திரம் வாங்க வழியில்லாதவர்களுக்காகச் செய்யப்பட்ட போலி வெள்ளி இது, 1840-இல் மின்முலாம் வந்ததும் இதன் தேவை தீர்ந்தது. கதையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தத் தொழிலின் ஒரே ஒரு கிளைக்குத்தான் அது பொருந்தும். மற்றக் கிளைகளில் லஸ்டர் எந்த உலோகத்தையும் பார்த்து நடிக்கவில்லை. அது ஒரு வண்ணமாக, ஓவியத்தின் பின்புலமாக, தனக்கென்று ஓர் அழகாக வளர்ந்தது. கலங்களை உற்றுப் பார்த்தால் இது புலப்படும்.

லஸ்டர் இங்கிலாந்தில் பிறந்த கலை அல்ல. 9-ஆம் நூற்றாண்டு ஈராக்கில் அப்பாசியர் ஆட்சியில் மட்கலங்களில் இது தோன்றி, ஃபாத்திமியர் காலத்து எகிப்து, ஈரானின் காஷான், ஸ்பெயினின் மலாகா, மனிசெஸ், இத்தாலியின் டெருட்டா, குப்பியோ என்று நகர்ந்தது. அந்த மரபில் வெள்ளி, செம்பு ஆகியவற்றின் உப்புகளைக் காவிமண்ணோடு குழைத்து, சுட்டுமுடித்த கலத்தில் தீட்டுவார்கள். பிறகு காற்றைக் குறைத்துப் புகை மண்டச் செய்த சூளையில் மறுபடி சுடுவார்கள். புகை ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, உலோகம் கண்ணாடிப் பூச்சுக்குள்ளேயே நுண்துகள்களாகத் தங்கும். ஆறிய பிறகு காவிமண்ணைத் தேய்த்துத் துடைத்தால் பொன்னிறமோ மாணிக்கச் சிவப்போ வெளிப்படும். புகை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் சூளை முழுதும் வீண். ஆங்கிலேயர் இந்த வழியில் போகவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டவை தங்கமும் பிளாட்டினமும். இரண்டுமே சூட்டில் துருப்பிடிக்காத உலோகங்கள் என்பதால் புகைச் சூளையே தேவைப்படவில்லை. தீ நேரடியாகப் படாத சாதாரண வண்ணச் சூளை போதும். நூற்றுக்கணக்கான கலங்களை ஒரே தரத்தில் இறக்கலாம். அரண்மனைக்கு உரியதாக இருந்த மினுக்கம் சந்தைக் கடைக்கு வந்ததற்கு அடிப்படைக் காரணம் இந்த வேதியியல்தான்.

உலோகங்கள் கைக்கு வந்த வரலாறு சுவையானது. தென் அமெரிக்காவில் இன்று கொலம்பியா எனப்படும் பகுதியின் ஆற்றுமணலில் தங்கத்தோடு கலந்து கிடைத்த பிளாட்டினம் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய வேதியியலாளர்களின் மேசைக்கு வந்தது. அதைப் பீங்கானில் பூசலாம் என்று பெர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத் 1788-இல் எழுதினார். லண்டனில் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் 1805 வாக்கில் தூய பிளாட்டினத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்று அது தங்கத்தைவிட மலிவு. ராஜ திராவகத்தில் கரைத்து, டர்பன்டைன் போன்ற எண்ணெய்களோடு கலந்து தூரிகையில் தொட்டுப் பூசலாம். ஒரு கெண்டியை மூட ஆகும் உலோகத்தின் அளவு மிகச் சொற்பம். இதை முதலில் செய்தவர் யார் என்பதில் சண்டை தீரவில்லை. ஜான் ஹான்காக் என்ற வண்ணத் தொழிலாளி, ஸ்டோக் நகரின் ஸ்போடு ஆலையில் தாமே தொடங்கியதாக 1846-இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே இறந்தார். 1829-இல் ஸ்டாஃபர்ட்ஷயர் மட்கலத் தொழிலின் வரலாற்றை எழுதிய சிமியன் ஷா வேறு பெயர்களைச் சொல்கிறார். பல பட்டறைகளில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் முயன்றிருப்பார்கள் என்று கொள்வதே நியாயம். 1810-இல் கோப்ரிட்ஜைச் சேர்ந்த பீட்டர் வார்பர்ட்டன் தங்கம், பிளாட்டினம் கொண்டு படம் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஆண்டுக்குள் தொழில் சோதனை நிலையைத் தாண்டிவிட்டது என்பதற்கு அது சான்று.

போலி வெள்ளி என்பவர்களின் கட்சிக்கு வலுவான சான்றுகள் உண்டு. 1784-இல் தேயிலை மீதான வரி 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறங்கியது. தேநீர் எளியவர் வீட்டுக்கும் வந்தது. அதே ஆண்டில் வெள்ளிப் பாத்திரங்களின் மீது மறுபடி வரி விதித்தார்கள். தேநீர் மலிந்தது, தேநீர் ஊற்றும் வெள்ளிக் கெண்டி எட்டாமலே நின்றது. அந்த இடைவெளியில்தான் முழுதும் பிளாட்டினம் பூசிய, வெள்ளி லஸ்டர் எனப்பட்ட கெண்டிகள் நுழைந்தன. படகு போன்ற வயிறு, பக்கவாட்டில் ஓடும் வரிவரியான பள்ளம், மூடியின் குமிழ் எல்லாமே அக்கால வெள்ளித் தட்டார்களின் வேலையை அப்படியே அச்சுவார்த்தவை. சிலவற்றில் உட்புறத்துக்கும் பூச்சு உண்டு. மூடியைத் திறந்தாலும் மண் தெரியக்கூடாது என்ற எண்ணம் அதில் தெளிவு. இவை வெள்ளியைப் பார்த்துச் செய்தவை அல்ல என்று யாரும் வாதாட முடியாது.

ஆனால் அதே ஆண்டுகளில் வெட்ஜ்வுட் ஆலை என்ன செய்தது என்று பார்க்கவேண்டும். எளியவர்களுக்காகப் போலிச் சரக்குச் செய்யவேண்டிய கட்டாயம் அந்த ஆலைக்கு இல்லை; அதன் வாடிக்கையாளர்கள் வசதியானவர்கள். அது 19-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வெளியிட்டது நிலவொளி லஸ்டர் என்று பின்னர் பெயர்பெற்ற வகை. சங்கு, சிப்பி வடிவத் தட்டுகளில் இளஞ்சிவப்பும் சாம்பலும் பழுப்பும் மேகம்போலக் கலந்து திரியும். எந்த உலோகமும் அப்படி இருக்காது. வெள்ளை மண்ணின்மேல் தங்கப் படலத்தை மிக மெலிதாகப் பூசினால் கிடைப்பது இளஞ்சிவப்பு. ரோஜா நிறமென்றும் ஊதா என்றும் சொல்லத்தக்க ஒரு நிறம். தங்கம்தான் பூசியிருக்கிறது, ஆனால் தங்கமாகத் தெரியவில்லை. போலி செய்யப் புறப்பட்டவன் நிஜத் தங்கத்தைச் செலவழித்து, தங்கம்போல் இல்லாத ஒன்றை ஏன் செய்யவேண்டும்?

செம்பு லஸ்டர் என்று சந்தையில் அழைக்கப்படும் ஜக்கைக் கையில் எடுத்தால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். அதில் உள்ளதும் தங்கமே. சிவந்த பழுப்பு மண்ணின்மேல் சற்றுத் தடிப்பாகப் பூசுவதால் செம்பு நிறம் காட்டுகிறது. இத்தகைய ஜக் பலவற்றில் வாயின் உட்புறத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் களிக்குழம்பு பூசி, அதன்மேலும் தங்கக் கரைசலை ஒரு பட்டையாக இழுத்திருப்பார்கள். வெளியே செம்பாக மின்னும் அதே கரைசல் உள்ளே இளஞ்சிவப்பாக நிற்கும். நடுவயிற்றில் நீலப் பட்டை, அதில் புடைப்பாகப் பூக்களோ ஆடுமாடுகளோ. செம்புப் பாத்திரம் என்று யாரையும் நம்பவைக்க நினைத்திருந்தால் இத்தனை வண்ணமும் வேண்டியதில்லை. தவிர, வெள்ளீயம் பூசாத செம்பில் புளிக்கும் எதையும் வைக்க முடியாது என்பது சமையலறை அறிந்த செய்தி. பால் ஊற்றும் சாமானுக்குச் செம்பு ஒரு பெருமைக்குரிய முன்மாதிரியாக இருந்திருக்கவும் முடியாது.

தொழில்நுட்பத்தின் உச்சம் என்று இந்தக் கட்டுரை கருதுவது, படம் விலக்கிப் பூசும் வெள்ளி லஸ்டரை. வெண்மையான கண்ணாடிப் பூச்சின்மேல் தேன், சர்க்கரைப்பாகு போன்ற நீரில் கரையும் பிசினால் பறவையையோ திராட்சைக் கொடியையோ தூரிகையால் வரைவார்கள். அது காய்ந்ததும் கலம் முழுதும் பிளாட்டினக் கரைசலைப் பூசுவார்கள். அதுவும் காய்ந்தபின் நீரில் அலசினால், பிசின் கரைந்து தன்மேல் இருந்த பூச்சையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சூளையிலிருந்து வரும்போது வெள்ளிப் பரப்பின் நடுவே வெண்பறவை தெளிந்து நிற்கும். வரைந்த கோடு உலோகம் இல்லாத இடமாக மாறுவதால், ஓவியன் தலைகீழாக யோசித்து வரையவேண்டும். கைபழகியவன் வரைந்த கொடியில் தூரிகையின் அழுத்தமும் தளர்வும் இன்றும் தெரியும். வெட்டிய அச்சுத் தகட்டை வைத்துப் பிசின் பூசியவற்றில் ஓரம் இறுக்கமாக இருக்கும். இங்கே பிளாட்டினம் வெறும் பின்புலம். அடியில் மண் இருப்பதை மறைக்காமல், அந்த மண்ணின் வெண்மையையே படமாக்கிக் காட்டுகிறது. முழுதும் பிளாட்டினம் பூசிய கெண்டியின் நோக்கத்துக்கு இது நேர் எதிர்.

சண்டர்லண்ட் வகைக்கு வந்தால் உலோகத்தின் சாயலே போய்விடுகிறது. வட இங்கிலாந்தின் வேர் ஆற்று முகத்துவாரத்தில் கப்பல் கட்டும் நகரம் அது. ஈரத் தங்கக் கரைசலின்மேல் எண்ணெய்த் துளிகளைத் தெளிப்பார்கள். துளி பட்ட இடத்தில் கரைசல் விலகி வட்டவட்டமாகக் குமிழியிடும். அந்த இளஞ்சிவப்புக் குமிழிகளுக்கு நடுவே, செப்புத் தகட்டிலிருந்து தாளில் ஒற்றியெடுத்த கறுப்புப் படம் ஒன்று: பாய்மரக் கப்பல், மாலுமி விடைபெறும் காட்சி, ஃப்ரீமேசன் சின்னம், கிரிமியப் போரில் கூட்டாளிகளான பிரிட்டன், பிரான்ஸ் கொடிகள். சில குவளைகளின் உள்ளே ஒரு மண்தவளை ஒட்டியிருக்கும். பீர் குறையக் குறைய அது தலைகாட்டும். மெதடிஸ்ட் கிறிஸ்தவர் வீடுகளுக்காக மரணத்தையும் இறைவனையும் நினைவூட்டும் வாசகப் பலகைகள் தனி. கடலோடியின் மனைவிக்குப் பரிசாகவும் ஊர்ப் பெருமையாகவும் விற்ற சரக்கு இது. எந்தச் சீமான் வீட்டு வெள்ளியையும் இது நினைவூட்டவில்லை.

இவற்றில் மிகப் பரவலான படம் வேர்மவுத் இரும்புப் பாலம். 236 அடி நீளத்தில் ஒரே வளைவாக ஆற்றைக் கடந்த அந்தப் பாலம் 1796-இல் திறக்கப்பட்டது. கலத்தின்மேலேயே அந்த ஆண்டு அச்சிட்டிருப்பதால், கலமும் 1796-இல் செய்தது என்று விற்பவரும் வாங்குபவரும் நம்பிவிடுகிறார்கள். அது பாலத்தின் வயதுதான். அதே படத்தைப் பல ஆலைகள் பல பத்தாண்டுகள் வெவ்வேறு தகடுகளில் அச்சிட்டன. சண்டர்லண்டில் கேரிசன் ஆலையை நடத்திய டிக்சன் நிறுவனம் பங்குதாரர் மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்றிக்கொண்டது. முத்திரையில் டிக்சன், ஃபிலிப்ஸ் என்று இருந்தால் கலம் 1839-க்கு முந்தியதாக இருக்காது. அந்த ஆலை 1865-இல் மூடியது. நியூகாசிலிலும் ஸ்டாஃபர்ட்ஷயரிலும் இதே குமிழிப் பூச்சைச் செய்தார்கள் என்பதால், முத்திரையில்லாத கலத்தைச் சண்டர்லண்டுக்கு எழுதிவைப்பதும் பெரும்பாலும் பழக்கதோஷம்தான்.

பழைய கதையைச் சொல்பவர்கள் 1840-ஐ முக்கியச் சாட்சியாக நிறுத்துவார்கள். பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் அந்த ஆண்டில் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றது, மலிவான உலோகக் கெண்டியின்மேல் உண்மையான வெள்ளியே ஏறியது, உடையாது. அதன்பின் முழு வெள்ளி லஸ்டர் தேய்ந்தது உண்மை. ஆனால் வாதம் சரியாக இருந்தால் லஸ்டர் முழுதுமே தேய்ந்திருக்கவேண்டும். அப்படி நடக்கவில்லை. சண்டர்லண்டின் கிரிமியப் போர்க் கலங்கள் 1854-க்குப் பிறகு செய்யப்பட்டவை. செம்பு லஸ்டர் ஜக்குகள் அந்த நூற்றாண்டு முழுதும் வந்துகொண்டிருந்தன. மின்முலாம் கொன்றது வெள்ளியாக நடித்த கிளையை மட்டுமே.

இன்னொரு ஆட்சேபம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. புகைச் சூளையில் பிறந்த காஷான், டெருட்டா வேலைதான் மெய்யான லஸ்டர், ஆங்கிலேயருடையது வெறும் மேற்பூச்சு என்பார்கள். இந்தத் தரப்பின் பெரிய பெயர் வில்லியம் டி மார்கன். லண்டனில் தம் வாடகை வீட்டின் கூரை தீப்பிடிக்கும் அளவுக்குச் சோதனை செய்து, 1872-இல் செல்சீக்கு இடம்மாறி, அங்கும் பிறகு மெர்ட்டன் அபியிலும் ஃபுல்ஹாமிலும் பழைய முறையை மீட்டெடுத்தார். 1892-இல் அதைப் பற்றி சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸில் உரையாற்றினார். 1907-இல் மட்கலத் தொழிலை விட்டு நாவல் எழுதுவதிலேயே முழுதாக இறங்கினார். அவரையொட்டி லங்காஷயரின் பில்கிங்டன் ஆலை 1906 முதல் கார்டன் ஃபோர்சைத் போன்ற ஓவியர்களை வைத்து உயர்ந்த வேலை செய்தது. இரண்டும் வேறு வேறு தொழில்நுட்பங்கள், கலைக்களஞ்சியத்தில் தனித்தனியே வகைப்படுத்தவேண்டியவை என்பதை ஏற்கலாம். அதனால் ஒன்று மெய், மற்றது பொய் என்று ஆகிவிடாது. வெட்ஜ்வுட்டில் டெய்சி மேகிக்-ஜோன்ஸ் 1915-இல் தொடங்கிய ஃபேரிலேண்ட் லஸ்டர், மேற்பூச்சு முறையிலேயே குட்டிச்சாத்தான்களும் காளான்களும் தொங்குபாலங்களும் நிறைந்த ஓர் உலகத்தைக் காட்டியது. 1931-இல் அவர் ஆலையை விட்டு வெளியேறினார். அந்தக் கிண்ணங்களைப் பார்த்து உலோகத்தை நினைப்பவர் இருக்க முடியாது.

சேகரிப்பவருக்கு இந்த வேறுபாடு நடைமுறையில் உதவும். பழைய லஸ்டரில் பெரும்பகுதிக்கு முத்திரை கிடையாது. அடியில் இங்கிலாந்து என்று எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அமெரிக்காவின் சுங்கச் சட்டம் பிறப்பிட நாட்டைக் குறிக்கக் கட்டாயப்படுத்திய பிறகு வந்த வழக்கம் அது. ஸ்டாஃபர்ட்ஷயரின் கிரேஸ் ஆலை 20-ஆம் நூற்றாண்டிலும் சண்டர்லண்ட் பாணியில் பாலமும் கப்பலும் போட்டு விற்றது. தம் முத்திரையோடுதான் விற்றார்கள். அதைச் சுரண்டியெடுத்தவர்கள் வேறு ஆட்கள். பழைய கலம் பெரும்பாலும் கைக்கு லேசாக இருக்கும், கைப்பிடியிலும் அடிவிளிம்பிலும் படலம் தேய்ந்திருக்கும். விலையைப் பார்த்தால், வெள்ளியை அச்சாக ஒத்திருக்கும் கெண்டி இன்று மலிவு, ஃபேரிலேண்ட் கிண்ணம் ஆயிரக்கணக்கான பவுண்டு. இது அரிதா மலிந்ததா என்பதைப் பொறுத்தது, ரசனையின் தீர்ப்பல்ல என்று மறுப்பார்கள். மறுப்பு ஓரளவு சரி. அழகான செம்பு லஸ்டர் ஜக்கும் மலிந்து கிடப்பதால் சொற்பத்துக்கே போகிறது. ஆகவே விலையை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. எனினும் தொடக்ககாலக் கலங்களில் சேகரிப்பாளர்கள் போட்டிபோட்டுத் தேடுவது, கேனரிப் பறவையின் மஞ்சள் நிறத் தரையின்மேல் படம் விலக்கிப் பூசிய வெள்ளி லஸ்டர் ஜக்குகளை. எந்த வெள்ளித் தட்டாரும் செய்திருக்க முடியாத வேலை அது.